பல் கட்டிக்கொள்ளப் போகிறீர்களா?



குடும்ப நலம் என்றதும், பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது பல்லுக்கு நடுவே இடைவெளி வேண்டாம் என்பது. விழுந்த பல்லுக்குப் பதில் பல் கட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"பல் செட்டு கிழவன் கிழவிக்குத்தானே, எங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து வயதில் கடவாய்ப்பல் நாலு போன பெண்கள் நம் ஊர்களில் இல்லையா? சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சோற்றை ரசத்தில் கரைத்து விழுங்குவாள். கடலை வேண்டாம், கீரைத்தண்டு வேண்டாம், கறி வேண்டாம். வீட்டுக்காரர் கேட்டால் "எனக்குப் பிடிக்காது" என்பாள். பிடிக்காமல் இல்லை ஐயா, மெல்ல முடியவில்லை! கீரையும் பயறும் கடலையும் வயிற்றுக்குள் போகாவிட்டால் உடம்பில் ரத்தம் எங்கிருந்து ஊறும்? அதனால்தான் இது குடும்ப நலச் சங்கதி. இன்று இரவு உங்கள் மனைவி எந்தப் பக்கத்தில் மெல்லுகிறாள் என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள்.

"பிள்ளைக்கு ஒரு பல் போகத்தானே செய்யும்" என்று சில பாட்டிமார் சொல்லுவார்கள். தாயின் பல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குழந்தை உறிஞ்சுவது கிடையாது. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் துலக்குவதை விட்டுவிடுகிறார்கள். வாந்தியின் புளிப்பு வேறு பல்லை அரிக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வலியைப் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் பல்லே போய்விடுகிறது. கர்ப்பிணிக்கும் பல் வைத்தியம் செய்யலாம். நாலு, ஐந்து, ஆறாம் மாதங்கள் அதற்கு வசதியானவை. செட்டு கட்டுவதை வேண்டுமானால் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், வலிக்கும் பல்லைத் தள்ளிப்போடக் கூடாது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போய்விடும் என்று ஒரு பயம் வேறு உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வைக்கு உரிய நரம்பும் வேறு வேறு. பயம் வேண்டாம்.

ஒரு பல் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. வேலியில் நடுக்கம்பைப் பிடுங்கினால் பக்கத்துக் கம்புகள் சாய்கின்றன அல்லவா? அது போலப் பக்கத்துப் பல் பள்ளத்தின் பக்கம் சாயும். எதிர்த் தாடைப் பல் முட்ட ஆளில்லாமல் நீண்டு இறங்கும். இடுக்கில் சோறு தங்கும், அங்கே அடுத்த சொத்தை பிடிக்கும்.

சரி, பல் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். எங்கே போவது? சந்தையிலும் திருவிழாவிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் பெட்டியை விரித்து, "அரை மணியில் பல், கழற்றவே வேண்டாம்" என்று கூப்பிடுகிறவர் இருப்பார். அவரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் செய்வது என்ன தெரியுமா? ஒரு பொடியையும் திரவத்தையும் குழைத்து, அந்த மாவை உங்கள் வாயிலேயே வைத்து அழுத்துகிறார். அது இறுகும்போது சூடு எழும்பும். இறுகாமல் மீந்த திரவம் ஈறைப் புண்ணாக்கும். போதாததற்கு நல்ல பல்லோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுகிறார். கழற்ற முடியாததால் சுத்தம் செய்யவும் முடியாது. உள்ளே சோறு அழுகும், ஈறு சீழ் பிடிக்கும், கம்பி கட்டிய நல்ல பல்லும் ஆட ஆரம்பிக்கும். ஒரு பல் கட்டப் போய் மூன்று பல்லை இழப்பது இப்படித்தான். டாக்டர்களும் கழற்றாத பல் கட்டுவது உண்டு, ஆனால் அது வேறு முறை. பக்கத்துப் பல்லை அளவாகச் சீவி, உறை போட்டு, ஈறைச் சுத்தம் செய்ய வழி விட்டுக் கட்டுவார்கள்.

மருத்துவமனையில் அதே பொருளைத்தான், அதாவது அக்ரிலிக்கைத்தான், வேறு விதமாக வேகவைக்கிறார்கள். புட்டு வெந்ததற்கும் அரைவேக்காட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரை மணியில் முடியாது. ஐந்தாறு தடவை வரச் சொல்லுவார்கள். "இழுத்தடிக்கிறாங்க" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கினால் ஈறு ஆறுவதற்கே ஆறு வாரத்துக்கு மேல் விட வேண்டும். பிறகு வாயில் அச்சு எடுத்து, அதில் மாவுக்கல் ஊற்றி உங்கள் தாடையைப் போலவே ஒரு மாதிரி செய்வார்கள். அதன் மேல் உங்களுக்கென்றே ஒரு கரண்டி செய்து, கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும் பசையைத் தடவி, கன்னத்தை அசைத்து, நாக்கை நீட்டச் சொல்லி மறுபடி அச்சு எடுப்பார்கள். அடுத்த தடவை மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் எவ்வளவு தூரம், வாய் மூடினால் எங்கே சேருகிறது என்று பார்ப்பார்கள். இந்த அளவு தப்பினால் செட்டு எத்தனை அழகாக இருந்தாலும் மெல்ல உதவாது.

அதற்கடுத்து மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துக் காட்டுவார்கள். இந்த நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். பல் நீளமா, நிறம் சரியா, உதடு தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கூட இருப்பவர்தானே பார்த்துச் சொல்ல முடியும்? மெழுகில் மாற்றலாம், வெந்த பிறகு மாற்றுவது கஷ்டம். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதன் பிறகுதான் மெழுகை உருக்கி எடுத்து, உலோக அச்சுப் பெட்டிக்குள் அக்ரிலிக்கை அடைத்து, வெந்நீரில் மணிக்கணக்காக வைத்து வேகவைக்கிறார்கள்.

நம் காலம் தேவலை என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். அவருடைய செட்டுகளில் நீர்யானைத் தந்தமும் மனிதப் பல்லும் உலோகமும் இருந்தன. அக்ரிலிக் செட்டு வந்ததே 1930-களில்தான்.

புதுச் செட்டு போட்ட முதல் வாரத்தில் எச்சில் ஊறும், பேச்சு குழறும். வீட்டில் யாரும் கேலி செய்யாதீர்கள். பிள்ளையின் பாடப் புத்தகத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தால் நாக்கு பழகிவிடும். இட்லி, குழைந்த சோறு என்று தொடங்கி, சிறு துண்டுகளாக இரண்டு பக்கமும் மெல்லுங்கள். முன்பல்லால் கரும்பைக் கடித்து இழுத்தால் செட்டு பின்னால் தூக்கிக்கொள்ளும். முழுச் செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் கால் பங்கு அளவுதான். முறுக்கை உடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மேல் செட்டு நன்றாக நிற்கிறது, கீழ்ச் செட்டு ஆடுகிறது என்று நிறையப் பேர் குறை சொல்லுவார்கள். மேலே அண்ணத்தோடு சேர்த்து உட்கார இடம் உண்டு. கீழே ஏறக்குறைய அதில் பாதி இடம்தான், நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதோடு பல் போன தாடை எலும்பு வருஷா வருஷம் தேயும். அன்ட்யே டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் முழுச் செட்டு போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து, மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்ந்திருப்பதை 1972-இல் எழுதினார். அதனால் கீழ்த் தாடையில் இரண்டு நல்ல வேர் மிச்சமிருந்தால், அவற்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வேர் இருக்கும் இடத்தில் எலும்பு அவ்வளவு தேயாது, மேலே போடும் செட்டுக்கும் பிடிமானம். சில வருஷத்துக்கொரு தரம் செட்டின் அடிப்பக்கத்தைத் திருத்த வேண்டியும் வரும். நீங்களே பிளேடால் சுரண்டுவதும் கடைப் பசையால் ஒட்டுவதும் வேண்டாம்.

எலும்பில் டைட்டானியம் திருகு வைத்துப் பல் கட்டுவதும் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு அப்படிச் செய்தார். நல்ல முறைதான், ஆனால் செலவு கூடுதல். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். சரியாக அளவெடுத்த சாதாரணச் செட்டில் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம்.

ராத்திரியில் செட்டைக் கழற்றிவிடுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டாமா? ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஒற்றைப் பல் கட்டிய சின்னத் தகட்டைத் தூக்கத்தில் விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஆனால் வாழைப்பழத்தை விழுங்கச் சொல்லாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், என்ன விழுங்கினார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கழற்றிய செட்டைச் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள். கீழே தண்ணீர்ச் சட்டி இருந்தால் கை நழுவினாலும் உடையாது. உமிக்கரி, சாம்பல் கூடாது, கீறிவிடும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். காயப்போடாமல் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மாமியார் செட்டை மருமகள் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

செட்டு உரசிப் புண் வந்தால் திருத்தித் தருவார்கள். வருவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே செட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் எங்கே உரசுகிறது என்று தெரியும். செட்டைக் கழற்றிய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி எதுவானாலும் உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அல்லது உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். செட்டு கட்டும் வசதி உள்ள அரசு மருத்துவமனைக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்கோ சீட்டு எழுதித் தருவார்கள். போகும்போது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும், பழைய செட்டு உடைந்து கிடந்தால் அந்தத் துண்டுகளையும் எடுத்துப் போங்கள்.