ஆற்றங்கரைச் செந்தட்டான்

பிழைப்பின் பொருட்டு நாம் ஊர் விட்டு ஊர் வந்தோம். ஆயினும், ஊரில் நாம் கண்ட உயிர்கள் பல, இங்கும் நமக்கு முன்பே குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று தட்டான். மராத்தியர் இதனைச் ‘சதுர்’ என்பர். மலையாளிகள் ‘தும்பி’ என்பர். நம் பழைய நூல்களில் தும்பி என்பது பெரும்பாலும் வண்டினத்தையே குறித்தலால், நாம் தட்டான் என்றே வழங்குவோம்.

ஆற்றோரங்களிலும் ஓடைகளிலும் பரவலாகக் காணப்படும் செந்தட்டான் ஒன்றை இன்று அறிந்துகொள்வோம். ‘ட்ரைதெமிஸ் அரோரா’ என்பது அதன் அறிவியற் பெயர். 1839-ல் பர்மெய்ஸ்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விவரித்தார்.

முதலில் அது அமரும் முறையைப் பார்க்க வேண்டும். இறக்கைகளை விரித்தபடி அமர்ந்தால் அது பெரும்பாலும் தட்டான்; மெலிந்த உடலோடு, இறக்கைகளை முதுகின் மேல் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். அடுத்து நிறம். நம் செந்தட்டானின் ஆண், சிவப்பில் ஊதா கலந்து ரோஜா நிறமாகத் தோன்றும். இறக்கைகள் கண்ணாடி போன்றவை. அவற்றின் நரம்புகள் சிவப்பு. அடிப்பகுதியில் தேன்நிறத் திட்டு உண்டு. கால்கள் கறுப்பு.

இங்கேதான் பலர் ஏமாறுவர். குளக்கரைகளில் மற்றொரு சிவப்புத் தட்டான் உண்டு. அது இரத்தச் சிவப்பு. ஊதாச் சாயல் இராது. வால்போல் நீண்ட வயிற்றின் மேல் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். கால்களும் செம்மை சார்ந்தவை. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், முதுகையும் காலையும் நோக்குதல் வேண்டும். பெண் தட்டானோ சிவப்பே அன்று. பழுப்பு மஞ்சளில் கரிய குறிகள் கொண்டது. அதனை வேறோர் இனமென்று கருதிவிடலாகாது.

இதனைக் காணப் பிடிக்க வேண்டுவதில்லை. எழுப்பினாலும் சிறிது வட்டமிட்டு, அதே குச்சிக்கே பெரும்பாலும் திரும்பி வரும். அசையாது நின்றால் போதும்.

நம்மில் பலர் இளமையில் தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டோம். அது விளையாட்டென்று நினைத்தோம். தட்டானுக்கோ அது வதை. தட்டானின் இளம்பருவம் நீருக்குள் கழிகிறது. அங்கே கொசுப் புழுக்களையும் உண்கிறது. வளர்ந்து வெளிவந்த பின் அமர்வதற்குக் கரையோரத்துப் புல்லும் செடியும் வேண்டும். அவற்றையெல்லாம் அழித்த கரையில் தட்டானைத் தேடிப் பயனில்லை.

நம் குழந்தைகள் இவ்வூர் ஆற்றங்கரையில் அதைச் சுட்டி, “இது என்ன?” என்று கேட்பார்கள். ‘ஏதோ பூச்சி’ என்று சொல்லி நடந்துவிடாமல், நின்று, “தட்டான்” என்போம். நூலுக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுப்போம். அவர்கள் அச்சொல்லை மறவாதிருந்தால், நம் ஊரும் அவர்களோடு சிறிது வந்திருக்கும்.