ஒரே பெட்டி போதுமா?



1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சான நூலை வேறிடத்தில் தேடி வாங்கலாம். ஒரே படியாக இருந்த ஏட்டுச்சுவடியை எங்கே போய்த் தேடுவது?

நம்ம வீட்டுக்கு வருவோம். 2022 ஜூலை 4இல் பாலிங், கூப்பாங் பக்கம் வெள்ளம் புகுந்தபோது உயிர்தான் பெரிது. தகரப்பெட்டியை யார் தூக்குவார்? பிறப்புப் பத்திரம், கடைக்கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தானே வைக்கிறோம்! பத்திரம் இல்லாத பிள்ளை அடையாளக் கார்டுக்கு அலையும் பாடு தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா?

மூலம் வீட்டில் இருக்கட்டும். நகல் ஒன்று வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும். படம் பிடித்து இணையச் சேமிப்பிலும் வையுங்கள். மூன்றும் ஒரே வெள்ளத்தில் போகாது. வருடம் ஒரு தடவை திறந்தும் பாருங்கள்.

பரிசு வாங்கிய பிள்ளைகளே, இந்த வேலையை இன்றிரவே அப்பா அம்மாவோடு தொடங்குங்கள்.