ஊர்காண் உலா



ஊர்தியில் விரைபவன் கடைகளைக் காண்பான். காலால் நடப்பவனே ஊரின் வரலாற்றைக் காண்பான். அதனாலன்றோ உலகின் பழம்பெரு நகரங்களிலெல்லாம், அறிந்தார் ஒருவர் முன்செல்ல அறிய விழைவோர் பின்செல்லும் வழிகாட்டு நடைகள் பெருகியுள்ளன! மதுரையிலும் அவை நிகழ்கின்றன. 'ஹெரிடேஜ் வாக்' என்னும் ஆங்கிலப் பெயர் அவற்றுக்கு வழங்குகிறது. மேலை நாட்டார் தந்த புதுவழக்கம் என்று தமிழன் அதனை வியக்கிறான். வியப்புத் தேவையில்லை. அதற்குத் தமிழில் பெயரும் உண்டு, இலக்கியமும் உண்டு.

சிலப்பதிகாரத்தின் பதினான்காம் பகுதிக்கு ஊர்காண் காதை என்பது பெயர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுக் கோவலன் தனியே மதுரை காணச் செல்கிறான். யவனர் வாளேந்திக் காக்கும் வாயிலைக் கடக்கிறான். ஒன்பது வகை மணிகள் குவிந்த தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் அறுவைத் தெரு, தவசம் விற்கும் கூலத் தெரு என ஒவ்வொன்றாக நடந்து காண்கிறான். மாங்குடி மருதனாரோ 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும், நள்ளிரவுக் காவலையும், விடியற்காலை ஓசைகளையும் காட்டினார். ஊரை நடந்து காணும் கலை தமிழனுக்குப் புதிதன்று. மறந்துபோன கலை, அவ்வளவே.

மறந்ததன் இழப்பு யாது? மதுரையின் தெருக்களே விடை கூறும்.

கோயிலை நடுவாக வைத்து ஒன்றனைச் சூழ்ந்து ஒன்றாக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனத் தெருக்கள் அமைந்துள்ளன. திங்களின் பெயரைத் தெருவுக்கு வைத்து, விழாவையும் வழியையும் ஒருங்கே பதிந்து வைத்த ஊர் அது. சித்திரைப் பெருவிழாவில் தேர் ஓடுவது எந்தத் தெருவில்? சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியில்! 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பர். விழா மாறிற்று, தெருவின் பெயர் மாறவில்லை. ஏட்டில் எழுதாத செய்தியைத் தெருப்பெயர் காத்து நிற்கிறது.

அப்பால் நடந்தால் மாரட்டு வீதியும் பெருமாள் மேத்திரி வீதியும் வரும். அவை கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடங்கள். மாவட்டத் தண்டலராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அப்பணியை மேற்பார்த்த நிலவளவர், மேத்திரி ஆகிய இருவர் பெயர்களே அத்தெருக்களுக்கு அமைந்தன. பிளாக்பர்னுக்கோ விளக்குத்தூண் எழுந்தது. கோட்டை எங்கே? மேலைவாயிலின் ஒரு பகுதி மட்டும் பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ளது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் பல்லாயிரவருள் அது யாதென அறிந்தார் எத்துணைப் பேர்?

இன்னும் நடந்தால் வெண்கலக்கடைத் தெரு, நெல்பேட்டை, எழுத்தாணிக்காரத் தெரு! ஓலையில் எழுதிய ஒரு நாகரிகத்தின் கருவியைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் தெரு அது. தெற்கு ஆவணி மூல வீதியில் இன்றும் பொற்கடைகள் நிறைந்துள்ளன. கோவலன் கண்ட அங்காடியின் கால்வழி அறவே அறுந்துவிடவில்லை.

ஆயின் இன்று நிகழும் நடைகளிற் பல, அயல்நாட்டார்க்காக ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. அயலார் வந்து காண்பதில் தவறில்லை, காண்க, போற்றுக! அவ்வூரிற் பிறந்த பிள்ளைக்கு அவ்வூரைக் காட்டுவார் இல்லையே என்பதுதான் குறை. எழுத்தாணியின் பொருளறியாத பிள்ளைக்கு எழுத்தாணிக்காரத் தெரு வெறும் முகவரி. பொருளிழந்த பெயரை எவரும் எளிதில் மாற்றலாம். மாற்றும் நாளில் தடுப்பதற்கும் ஆளிருக்காது.

வழிகாட்டுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பழங்கதையைப் பழங்கதை என்றே சொல்லுதல் வேண்டும். கல்வெட்டுச் சான்றை வரலாறு என்று சொல்லுதல் வேண்டும். இறைவன் திருவிளையாடல்களை மட்டும் அடுக்கிவிட்டுப் பாண்டியரை மறப்பதும் தவறு. பாண்டியரைப் புகழும் ஆர்வத்தில், இன்றைய நகரமைப்பில் நாயக்கர்க்குள்ள பங்கை மறைப்பதும் தவறு. தமிழின் பெருமைக்குப் பொய்யின் துணை வேண்டா. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. தென்கிழக்கே ஏறத்தாழ 12 அயிரமாத்திரி, அதாவது கிலோமீட்டர், தொலைவில் உள்ள கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிற்று. அங்குக் கிடைத்த கரிமச் சான்றொன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அங்குக் கிடைத்தன. மெய்யே இவ்வளவு இருக்கப் பொய் எதற்கு?

ஆகவே செய்யத்தக்கது எளிது. திங்களுக்கொரு ஞாயிறு, வெயில் ஏறுமுன், ஓர் ஆசிரியரோ முதியவரோ முன்செல்ல இருபது பிள்ளைகள் நடக்கட்டும். பேச்சு தமிழில் அமையட்டும். தெருவுக்கொரு நிறுத்தம்; நிறுத்தத்துக்கொரு வினா. அத்தெருவில் வாழும் முதியோரிடம் கேட்டதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவி ஏடுகளைத் தேடிக் காக்க வழி செய்தார். இன்று ஏடுகளோடு தெருக்களையும் காக்க வேண்டிய காலம்.

மதுரை ஓர் எடுத்துக்காட்டே. காஞ்சிக்கும் உறையூர்க்கும் தஞ்சைக்கும் இது பொருந்தும். அந்நடைக்கு 'ஊர்காண் உலா' என்றே பெயர் வழங்குக. பெயர் தமிழாகட்டும்; பேச்சு தமிழாகட்டும்; அடிவைக்கும் மண் யாருடையது என்பதைத் தமிழ்ப்பிள்ளை தன் காலாலேயே அறியட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!