ஆலோசனை கூறும் உத்தியோகம்



பட்டம் பெறவிருக்கும் மாணவர் பலர் இன்று முகாமைத்துவ ஆலோசகராக விரும்புகின்றனர். அத்தொழிலின் வருங்காலம் யாது?

பிறருடைய தொழிலகத்தை ஆராய்ந்து, அதன் குறை தீர வழி கூறுபவரே இவ்வாலோசகர். இத்தொழில் செழித்த நாடு அமெரிக்கா. சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் கற்பித்த ஜேம்ஸ் மக்கின்சி 1926 ஆம் ஆண்டிலே தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 2024 முதல் 2034 வரை இவ்வேலை 9 சதவீதம் பெருகுமென்பது அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் மதிப்பீடு. எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 3 சதவீதமே.

மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் இளைஞர் இத்தொழிலில் முதற்படி ஏறியது விபரந் திரட்டியும், அட்டவணை வகுத்தும், அறிக்கை எழுதியுமே. அவ்வேலைகளிற் பலவற்றை இன்று செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதிற் செய்கின்றது. மக்கின்சி நிறுவனமே 2023 ஆம் ஆண்டில் ‘லில்லி’ என்னும் அத்தகைய கருவியைத் தன் ஊழியருக்கு வழங்கியது. ஏணி நீள்கின்றது, கீழ்ப்படியோ தேய்கின்றது.

தொழிலாளியின் குறையைக் காதுகொடுத்துக் கேட்பதும், முதலாளிக்குக் கசக்கும் உண்மையை எடுத்துரைப்பதும், சொன்ன யோசனைக்குப் பொறுப்பேற்பதும் மனிதனுக்கே உரியன. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என வள்ளுவர் ஓரதிகாரமே வகுத்தார். அத்தகைய துணையாவதற்குப் பட்டம் மட்டும் போதாது, பட்டறிவும் வேண்டும்.

ஆதலின் நண்பர்களே, கணக்கோ, பண்ணையோ, தொழிற்சாலையோ, முதலில் ஒரு துறையில் இறங்கிக் கைப்படப் பழகுவோம்; பின்னர் ஆலோசனை கூறுவோம். பெரியோர்களே, அவ்வாறு சில ஆண்டுகள் பழகும் பிள்ளையைப் பார்த்து, “படித்தும் இந்த வேலையா?” என்று மட்டும் கேளாதிருக்க வேண்டுகின்றேன்.