வெளியூர் முகாம்களும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக்காக எழுந்த சங்கத்தின் மேடையில் முகாமையும் சுற்றுலாவையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வகுப்பறைக்குள் கிடைக்காத கல்வியும் உண்டு. 1907ஆம் ஆண்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தியதிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் இன்றியமையாத பகுதியாகும். தம் தெருவையும் பள்ளியையும் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளை, பிறரோடு சேர்ந்து சமைத்து உண்டு, ஒரு கூட்டத்தின் முன் எழுந்து நின்று பேசித் திரும்புமானால், அது பெற்ற துணிவு பல பாடநூல்களுக்கு ஈடாகும். நம் பிள்ளைகளுக்கு இத்தகைய வாய்ப்புகள் பிறரைக் காட்டிலும் குறைவு. ஆகவே அவர்கள் வெளியூர் செல்ல வேண்டும். இரவு தங்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆயின், அனுப்பும் பிள்ளையை முழுமையாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு யாருடையது? 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய நாள் முதல், நம் பெற்றோர் தம் மக்களைக் கல்வியின் பெயரால் பிறர் கையில் ஒப்படைத்து வந்துள்ளனர். அந்த நம்பிக்கையே நம் முன்னேற்றத்தின் மூலதனம். ஒரு முகாமில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் அந்த ஒரு குடும்பம் மட்டும் துன்புறுவதோடு முடிவதில்லை. அந்தத் தெருவின் பெண் பிள்ளைகள் அனைவருக்கும் வாயிற்கதவு அடைபடுகிறது. "படித்தது போதும், வீட்டில் இரு" என்ற சொல் அன்றே பிறந்துவிடுகிறது.

துணையற்ற பயணம் பிள்ளைகளை எந்த நிலைக்கு ஆளாக்கும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமையே சான்று. 1901ஆம் ஆண்டு, ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, அண்ணனுடனும் அக்காள் வழிச் சிறுவருடனும் சாத்தாராவிலிருந்து கோரேகாவில் பணியாற்றிய தந்தையைக் காண அவர் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துச் செல்ல ஆள் இல்லை. சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகி நின்றார். வண்டிக்காரர்கள் ஏற்றிச் செல்ல மறுத்தனர். இருமடங்கு கூலிக்கு ஒருவர் இசைந்தும், தொடக்கத்தில் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் நடந்து வந்தார். கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் தருவார் இல்லை. உண்ணாமலே இரவைச் சுங்கச் சாவடியருகே கழித்தனர். இவ்வளவுக்கும் காரணம் என்ன? அவர்கள் வருவதை அறிவித்த கடிதம் தந்தையின் பணியாளிடம் வந்து சேர்ந்தும், அவர் அதைத் தந்தையிடம் தெரிவிக்காமல் விட்டதே. "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் இதனை எழுதியுள்ளார்.

சாதிக் கொடுமை ஒருபுறம் இருக்க, ஏற்பாட்டின் குறை எவ்வாறு அக்கொடுமைக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதையும் நாம் நோக்க வேண்டும். கடிதம் எழுதினால் மட்டும் போதாது. அது உரியவரைச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். நீர் கையில் இருக்க வேண்டும். இவை இன்றும் மாறாத பாடங்கள். முகாம் நடத்தும் ஊரில் நம் பிள்ளைகள் எந்தக் குழாயில் நீர் பிடிப்பார்கள், எந்தக் கட்டடத்தில் உறங்குவார்கள் என்பதைப் பொறுப்பாளர் முன்கூட்டியே நேரில் சென்று பேசி முடித்திருக்க வேண்டும். பொது நீர்நிலையைப் பயன்படுத்த மறுப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தை எடுத்துக்காட்டி வாதாட வேண்டியவர்கள் பெரியவர்களே. நள்ளிரவில் அந்த வாதத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தலாகாது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் மூன்றினை இனிக் கூறுகிறேன். மூன்றும் நாடறிந்தவை.

முதலாவது நீர். 2023 பிப்ரவரி 15ஆம் நாள், கால்பந்துப் போட்டிக்கு ஆசிரியர்களுடன் சென்ற புதுக்கோட்டை மாவட்ட அரசு நடுநிலைப்பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் குளிக்க இறங்கி உயிரிழந்தனர். ஆற்றின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். அடியில் மணல் அள்ளிய பள்ளங்களும் சுழல்களும் இருப்பது வெளியூராருக்குத் தெரியாது. ஆகவே பயணத் திட்டத்தில் எழுதப்படாத நீர்நிலையில் எவரும் கால் வைக்கலாகாது என்பதே முதல் விதி. ஒருவர் மூழ்கும்போது காப்பாற்ற மற்றொருவர் குதிப்பதும், அவரைத் தொடர்ந்து இன்னொருவர் குதிப்பதும் பல உயிர்களை ஒருங்கே பறிக்கும். கயிறு, நீண்ட கழி, துப்பட்டா, மூடிய வெற்றுக் குடம் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் கரையில் நின்றவாறே நீட்டவோ எறியவோ வேண்டும். இதனைப் புறப்படுமுன் ஒருமுறை செய்து பழக வேண்டும்.

இரண்டாவது சாலை. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி மாணவர்கள் உதகைக்குச் சென்ற சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியருகே முன்னே சென்ற அரசுப் பேருந்தின்மீது மோதியது. மாணவர் ஐவரும் ஆசிரியர் ஒருவரும், அரசுப் பேருந்துப் பயணிகள் மூவரும் மாண்டனர். இரவில் பயணம் செய்தால் ஒரு பகல் மிச்சமாகும், தங்கும் செலவு குறையும் என்று நம் இளைஞர்கள் கணக்கிடுகின்றனர். ஓட்டுநர் முதல் நாள் உறங்கினாரா என்று கேட்பார் எவருமில்லை. பிள்ளைகளை ஏற்றிய வண்டி இரவு பத்து மணிக்குமேல் ஓடுதல் கூடாது. பணம் போதவில்லையெனில் அருகிலுள்ள ஊருக்குச் செல்வோம்.

மூன்றாவதே மிகக் கடினமானது. 2024 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடைபெற்றது. அப்படைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது பின்னரே தெரிந்தது. பள்ளி அரங்கில் உறங்கிய சிறுமியரில் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பள்ளிப் பொறுப்பாளர்களிடம் கூறப்பட்டும் அவர்கள் மறைத்துவிட்டனர் என்று காவல்துறை கூறியது; பயிற்சியாளர் என்று வந்தவரோடு பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர். இங்கே மூன்று கதவுகள் திறந்து கிடந்தன. வந்தவர் யார் என்று எவரும் உரிய அலுவலகத்தில் கேட்கவில்லை, சீருடையே சான்றாயிற்று. இரவில் சிறுமியர்க்குத் தக்க காவல் இல்லை. சிறுமி வாய் திறந்தபோது கேட்க வேண்டியவர்கள் வாயை மூடச் செய்தனர்.

நண்பர்களே, இம்மூன்று கதவுகளையும் நம் சங்கம் அடைத்துவிட்டதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். "நம் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் நம்மவர்கள், அண்ணன் தம்பி போன்றவர்கள், அவர்களை ஐயுறலாமா?" என்று கேட்பவர் உண்டு. தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கு அறிமுகமானவரே என்பதைக் காவல்துறைப் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. தீய எண்ணமுடையவர் முதலில் சம்பாதிப்பது நம் நம்பிக்கையைத்தான். ஆகவே ஆளைப் பார்த்து விதி வகுத்தலாகாது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பேருந்தில் நடத்துநர் எல்லாரிடமும் பயணச்சீட்டுக் கேட்கிறார். அதனால் எவரும் அவமதிக்கப்பட்டதாக எண்ணுவதில்லை. நல்ல தொண்டருக்கு விதி ஒரு கவசம். நாளை அவர்மீது வீண்பழி வந்தால் காப்பதும் அதுவே.

அவ்விதிகள் சிலவே. தொண்டராக வருபவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும், அவரை நன்கறிந்த இருவர் எழுத்தில் பொறுப்பேற்றவராகவும் இருக்க வேண்டும். வெளியமைப்பின் பெயரால் வருபவரை அவ்வமைப்பின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்த பின்னரே ஏற்க வேண்டும். பெண் பிள்ளைகள் செல்லும் பயணத்தில் பெண் பொறுப்பாளர் இருவரேனும் இரவும் பகலும் உடனிருக்க வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய அறையில் தனித்திருக்கும் நிலை எக்காரணத்தாலும் நேரலாகாது. தனித்துப் பேச வேண்டுமாயின் பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேசலாம். ஆண், பெண், பெரியவர் என மூவகையினருக்கும் உறங்குமிடம் வேறு வேறாக அமைதல் வேண்டும். பெரிய மாணவரையும் சிறுவரையும் கண்காணிப்பின்றி ஒன்றாக விடலாகாது; சிறுவரைத் துன்புறுத்துவோர் சில வேளைகளில் அவர்களினும் சற்றே மூத்த மாணவராகவும் இருப்பர். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிய வேண்டும். உறங்குமுன்னும் விழித்த பின்னும், வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும், பெயர் சொல்லி ஆள் கணக்கு எடுக்க வேண்டும். பொறுப்பாளர் மது அருந்தினார் என்றால் அந்தக் கணமே அவர் பொறுப்பு முடிந்தது.

தரையில் உறங்கும் முகாம்களுக்கு ஒரு சொல். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. உறங்குபவரைத் தீண்டினால் வலியும் தழும்பும் தெரியாமற்போவதுண்டு. விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்றோ, இமையைத் தூக்க முடியவில்லை என்றோ கூறினால், உணவு ஒவ்வாமை என்று கருதி வாளாவிருத்தல் ஆகாது. 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கடித்த இடத்தைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீமையே செய்யும். ஓரங்களைப் பாயின் அடியில் செருகிய கொசுவலை, கொசுவையும் பாம்பையும் ஒருங்கே தடுக்கும். வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெயரும் மருந்தும் பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதவிலக்குக்கான பொருள்கள் கேளாமலே கிடைக்கும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

இத்தனை ஏற்பாட்டையும் மீறி ஒரு பிள்ளை வந்து, "எனக்கு இவ்வாறு நடந்தது" என்று சொன்னால் என் செய்வது? முதலில் நம்புங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மீது குற்றமில்லை" என்று கூறுங்கள். "எவரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை மட்டும் தராதீர்கள். அதைக் காக்க உங்களால் இயலாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவர்க்கு ஆறு மாதம் வரையும், தம்கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளர்க்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணில் கட்டணமின்றி உதவி கோரலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அலுவலர், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் நிலையில் உள்ளவர், பதிவு செய்ய வேண்டும். பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. பெயரை வெளியிடுதலும் கூடாது. இவற்றைப் பெற்றோரிடம் விளக்கினால் அச்சம் பாதியளவேனும் குறையும்.

இங்கே நம் உள்ளத்தில் எழும் ஒரு குரலைப் பற்றியும் பேசியாக வேண்டும். "வெளியே தெரிந்தால் நம் சமுதாயத்தின் மானம் போகும், எதிரிகள் சிரிப்பார்கள், அரும்பாடுபட்டு வளர்த்த சங்கம் அழியும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுவோம்" என்று அக்குரல் கூறும். நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைப் பிறர் இப்படித்தானே பேசி முடித்தார்கள்? புகார் கொடுக்க வந்தவரை, ஊர் அமைதி கெடும் என்று சொல்லித்தானே திருப்பி அனுப்பினார்கள்? அந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடிய நாம், நம் வீட்டுச் சிறுமிக்கு அதையே செய்தல் தகுமோ? சங்கத்தின் மானம் அந்தப் பிள்ளையின் கண்ணீருக்கு நாம் தரும் விடையில் இருக்கிறது. தலைவரே குற்றவாளியாயினும் புகார் செல்ல வேண்டும். அதற்கென நிர்வாகக் குழுவைச் சாராத பெண்மணி ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும்.

இளைஞர்களே, விடுமுறையைத் துறந்து, ஊதியம் ஏதுமின்றி, தம்பி தங்கையரை அழைத்துச் செல்லும் உங்கள் தொண்டு போற்றுதற்குரியது. அத்தொண்டோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். அதில் பெயர்ப்பட்டியல், பெற்றோர் எண்கள், அருகிலுள்ள மருத்துவமனை, காவல் நிலையம், ஓட்டுநர் உரிமம், நாள்தோறும் இரவுக்காவல் முறை ஆகியவை எழுதப்பட்டிருக்கட்டும். அதன் படி ஒன்று ஊரிலிருக்கும் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். சிறுவர் படங்களைச் சமூக ஊடகங்களில் பரப்பாதீர்கள்.

பெற்றோர்களே, அனுப்ப மறுக்காதீர்கள். கேள்வி கேட்டு அனுப்புங்கள். யார் உடன் வருகிறார்கள், எங்கே உறங்குவார்கள், இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் இவ்வுரிமை உண்டு. விடை சொல்லத் தயங்கும் குழுவோடு பிள்ளையை அனுப்ப வேண்டா.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்விதிகளை ஒரே தாளில் அச்சிட்டு, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வரும் கோடை முகாம் அத்தாளோடு புறப்படட்டும்.