யாருடைய வசதி?



 யார் நினைவாக இச்சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பேராசிரியரிடம் நான் ஆய்வு மாணவியாக இருந்தவள். வாய்மொழித் தேர்வில் அவர் புள்ளியியல் கேட்க மாட்டார். அட்டவணைகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "இவங்கல்லாம் யாரும்மா? ஏன் இவங்க?" என்பார். பதில் தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கேள்வியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே ஓர் ஆய்வை இன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். மில்கிராமின் மின்னதிர்ச்சிப் பெட்டி, ஸ்டான்ஃபோர்டு சிறைச்சாலை ஆய்வுகள் இரண்டும் நம் உளவியல் மாணவர்களுக்கு மனப்பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

1939 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், டேவன்போர்ட் என்ற ஊர். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதி ஒன்று அங்கே இருந்தது. பெயர்தான் அனாதை விடுதி. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத பெற்றோர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து மேரி டியூடர் என்ற முதுகலை மாணவி அந்த விடுதிக்கு வந்தார். அனுப்பியவர் அவருடைய நெறியாளர் வெண்டெல் ஜான்சன்.

ஜான்சனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிட்டால் இந்தக் கதை நமக்குப் பயன்படாது. சிறு வயது முதல் அவருக்கே திக்குவாய். இடக்கைப் பழக்கத்தை மாற்றியதால் மூளையில் குழப்பம் நேர்ந்து திக்கல் வருகிறது என்று அன்று ஒரு கொள்கை இருந்தது. அதை நம்பி, இடக்கையால் பழக வேண்டும் என்று தம் வலக்கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர் அவர். திக்கல் போகவில்லை. பிறகு தமக்கென ஒரு கொள்கையை உருவாக்கினார். எல்லாக் குழந்தைகளும் பேச்சில் தடுமாறத்தான் செய்யும். பெரியவர்கள் அதற்குத் 'திக்குவாய்' என்று பெயர் வைத்து, குழந்தையைப் பயமுறுத்தி, இல்லாத நோயை உண்டாக்கிவிடுகிறார்கள் என்றார்.

நல்ல கருதுகோள். ஆனால் இதை எப்படிச் சோதிப்பது? நன்றாகப் பேசும் பிள்ளையிடம் உனக்குத் திக்குவாய் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தத் தாய் இதற்குச் சம்மதிப்பாள்?

விடுதியில் கேட்கத் தாய் இல்லை. 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 10 பேர் ஏற்கெனவே திக்குபவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். 12 பேர் சாதாரணமாகப் பேசுபவர்கள். இந்தப் பன்னிருவரில் 6 பேருக்கு, அவர்கள் பேச்சில் கோளாறு இருப்பதாகவும், திக்கலின் அறிகுறிகள் தெரிவதாகவும், சரியாகப் பேச முடியாவிட்டால் வாயைத் திறக்காமலிருப்பதே மேல் என்றும் டியூடர் எடுத்துச் சொன்னார். விடுதி ஆசிரியைகளுக்கும் காப்பாளர்களுக்கும் உண்மை சொல்லப்படவில்லை. இந்தப் பிள்ளைகள் திக்குகிறார்கள், பார்த்துத் திருத்துங்கள் என்று அவர்களிடமும் சொல்லிவைத்தார். டியூடர் ஊருக்குப் போன நாட்களிலும் ஆய்வு தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மே மாதம் வரை இப்படி. டியூடரின் ஆய்வேட்டில் பதிவாகியிருப்பவற்றைப் படித்தால் கை நடுங்குகிறது. போன மாதம் வாய் ஓயாமல் பேசிய ஐந்து வயதுச் சிறுமியைப் பேசவைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒன்பது வயதுப் பெண் பேசச் சொன்னால் கையால் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொரு வயதுப் பையன் ஒரு சொல் வருமுன்பே, இது எனக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தான். பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தியிடம், உன் நெருங்கிய தோழிக்கு உன் திக்கல் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லாத ஒன்றை அவள் தோழியிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

இனி நெறிமுறையை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து, ஆய்வு முறையை மட்டும் பார்ப்போம். பிள்ளைகளைப் பிரித்த குழு ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர்தான். குழந்தையிடம் கோளாறு என்று சொன்னவரும், பிறகு அதே குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதியவரும் ஒருவரே. யார் எந்தக் குழுவில் என்பது அவருக்குத் தெரியும். சோதிக்க வந்த கொள்கையோ பெற்றோரைப் பற்றியது. சோதிக்கப்பட்டவர்கள் பெற்றோர் அருகில் இல்லாதவர்கள். அடிப்படையிலேயே பொருந்தாத இடம் அது. அப்படியிருந்தும் ஏன் அங்கே போனார்கள்? ஆய்வுக்குப் பொருத்தம் என்பதற்காக அல்ல. தடுக்க ஆள் இல்லை என்பதற்காக. முறையின் பிழையும் அறத்தின் பிழையும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. இரண்டையும் தனித்தனித் தாளாக வைத்து நாம் பாடம் நடத்துகிறோமே, அது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

2002-இல் ஆம்ப்ரோஸ், யாய்ரி என்ற இரு ஆய்வாளர்கள் டியூடரின் தரவுகளை மறுபடி அலசினார்கள். அந்த ஆறு பேருக்கும் திக்குவாய் வந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். வந்தது கூச்சமும் பேசப் பயமும்தான். அதாவது, ஜான்சனின் கொள்கைக்கு அந்த ஆய்வு துணைநிற்கவில்லை. ஆனால் அதற்கு முன் இதை யார் அறிந்தார்கள்? ஆய்வேடு பல்கலைக்கழக நூலக அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஜான்சன் அதைக் கட்டுரையாக வெளியிடவே இல்லை. கொள்கையோ பல பத்தாண்டுகள் ஊரெல்லாம் சுற்றியது. பிள்ளை திக்கினால் குற்றவாளி அம்மாதான் என்று எத்தனை வீடுகளில் பேசியிருப்பார்கள்! இன்று திக்கலுக்கு மரபணுவிலும் மூளை வளர்ச்சியிலும் வேர் தேடுகிறார்கள்.

விஷயம் தெரிந்த சக மாணவர்கள் இதற்கு 'அரக்க ஆய்வு' என்று பெயர் வைத்தார்கள். வெளியுலகுக்கு விரிவாகத் தெரிந்தது 2001-இல், ஒரு பத்திரிகையாளர் எழுதிய பிறகு. தாம் ஓர் ஆய்வில் இருந்தோம் என்பதே 60 ஆண்டுகள் கழித்துத்தான் முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வழக்கு நடந்து, 2007-இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர இசைந்தது. ஜான்சன் 1965-லேயே காலமாகிவிட்டார்.

1939-இல் உளவியலுக்கென எழுதப்பட்ட நெறிமுறை இல்லை என்பது உண்மை. மனிதர்மேல் செய்யும் ஆய்வுகளுக்கான நியூரம்பெர்க் நெறி 1947-இல்தான் வந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் நெறிமுறைத் தொகுப்பு 1953-இல். அமெரிக்காவில் 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கைதான் என் பேராசிரியரின் கேள்வியை நேராகக் கேட்டது: எளிதில் கிடைக்கிறார்கள், மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு கூட்டத்தாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 வழிகாட்டுதல்கள், பெற்றோரின் இசைவு மட்டும் போதாது, 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் ஒப்புதலையும் கேள் என்கின்றன. 12 வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்.

நான் ஆய்வு செய்த நாளில் குழந்தையிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் கிடையாது. தேர்வுப் பதற்றம் பற்றிய என் வினாத்தாளை ஒரு மாணவியர் விடுதியில் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். இரவுச் சாப்பாட்டுக்கு முன், கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், இத எழுதலன்னா சாப்பிட விட மாட்டாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்து எழுதினாள். அவளுடைய தாளும் என் தரவில் சேர்ந்தது.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் 'வசதி கருதித் தேர்ந்த மாதிரி' என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால், 'யாருடைய வசதி?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

டியூடர், ஆய்வு முடிந்த பிறகு மூன்று முறை டேவன்போர்ட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். உங்களுக்குத் திக்கல் இல்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்க. பிள்ளைகள் நம்பினார்களா என்பது வேறு. நான் அந்த மாணவியர் விடுதிக்கு மறுபடி போனது மே மாதத்தில், முழு ஆண்டு விடுமுறையில். கதவு பூட்டியிருந்தது. காவலாளி வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"பிள்ளைங்க ஜூன்லதாம்மா வரும்" என்றார்.

"பத்தாவது பிள்ளைங்க?"

"அதுங்க எங்க வருதுங்க, பரீட்ச முடிஞ்சுதுல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.