தண்ணீர் மீட்டர்: சிம் கார்டா, மாடி ஆன்டெனாவா?

(சங்கக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வணிகவியல் படித்து வங்கியில் கணக்கெழுதியவன். தவறிருந்தால் பி பிளாக் தம்பிகள் திருத்தலாம்.

நம் 48 வீட்டுக்கும் தண்ணீர்க் கட்டணம் ஒரே தொகை. இரண்டு பேர் உள்ள வீடும் ஆறு பேர் உள்ள வீடும் ஒன்றா என்றுதான் போன கோடையில் சண்டை வந்தது. அதனால்தான் தானாகக் கணக்கு அனுப்பும் மீட்டர் போடலாம் என்று யோசிக்கிறோம். தஞ்சாவூர் 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல.

மீட்டர் அனுப்புவது நாளுக்குச் சில எண்கள்தான், பழைய தந்தி மாதிரி. வைஃபை அதிக தூரம் போகாது. போனில் உள்ள 4ஜி, பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். கொஞ்சமாகப் பேசி, ஒரே பேட்டரியில் பல வருடம் ஓட வேண்டும். அதற்கு இரண்டு வழி நம் முன் இருக்கிறது.

ஒன்று என்பி-ஐஓடி. செல்போன் கம்பெனியின் டவர் வழியாகப் போகும். மீட்டருக்கு ஒரு சிம். தரைக்குக் கீழேயும் சிக்னல் நன்றாக எட்டும். ஆனால் 48 சிம்முக்கும் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செல்போன் படுத்துக் கிடந்ததும் நினைவிருக்கும்.

மற்றது லோரா. 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அந்த அலைவரிசைக்குத் தனி உரிமம் வாங்க வேண்டாம். மொட்டைமாடியில் நமக்கே ஒரு கேட்வே. அதற்கு ஒரு இன்டர்நெட் இணைப்பு, ஒரு யுபிஎஸ். வயல்வெளியில் சில கிலோமீட்டர் போகும். கான்கிரீட்டுக்குள் வெகுவாகக் குறையும். ஆகவே சம்ப் அறையில் இரண்டு மீட்டரை ஒரு மாதம் சோதித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சிக்ஃபாக்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒரு செய்திக்கு 12 பைட், நாளுக்கு 140 செய்தி. அதை நடத்திய பிரெஞ்சு கம்பெனி 2022 ஜனவரியில் நொடித்து நீதிமன்றம் போனது. பிறகு சிங்கப்பூரின் யூனாபிஸ் வாங்கியது. கருவி நன்றாக இருந்தும் கம்பெனி கவிழலாம். டெபாசிட் போடும் முன் வங்கியைப் பார்ப்பதில்லையா?

என் ஓட்டு லோராவுக்கு. ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மீட்டரின் தகவலும் ஒரு ரகசியச் சாவியால் பூட்டப்படுகிறது. சாவி விற்பவரிடமே இருந்தால் நாளை வேறு ஆளுக்கு மாற முடியாது. லாக்கர் நம்முடையது, சாவி அடுத்த வீட்டில் என்ற கதைதான். வந்திருக்கும் விலைப்பட்டியலின் மூன்றாம் பக்கத்தில், சாவி அவர்களிடமே இருக்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அதை மாற்றி எழுதித் தரும்வரை முன்பணக் காசோலையில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பட்டியல் அலுவலக அறையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து படித்துவிடுங்கள்.